அந்நியமாதல்: ஒரு சொல்லின் வரலாறு

நம் வட்டம் கடந்து வந்த பத்தாண்டுகளில் அதன் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கட்டுரைகளில் மிகுதியாகப் பயின்ற கலைச்சொற்களை எண்ணிப் பார்த்தால், 'அந்நியமாதல்' என்னும் சொல் முதல் வரிசையில் நிற்கும் என்று கருதுகிறேன். புதுக்கவிதை பற்றிய கட்டுரையில் அது நகரத்துத் தனிமையைக் குறித்தது; நாவல் பற்றிய கட்டுரையில் கதைத்தலைவனின் விரக்தியைக் குறித்தது; நவீன நாடகம் பற்றிய உரையில் ஒரு நடிப்பு முறையின் பெயராயிற்று. மார்க்சிய நோக்கில் எழுதியவர்கள் முதலாளியச் சமுதாயத்தின் அடிப்படை நோய் என்று அதனைக் கூறினர். ஒரு சொல் இத்தனை சுமையைத் தாங்குமா என்னும் ஐயம் எனக்கு நெடுநாள்களாக உண்டு. முதுகலை வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்நியமாதல் என்றால் மனச்சோர்வுதானே?" என்று கேட்டபோது உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. அவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

பத்திரத்தில் பிறந்த சொல்

இக்கருத்தைக் குறிக்க ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகள் வழங்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'அலியுஸ்' என்றால் மற்றது. 'அலியேனுஸ்' என்றால் மற்றவருக்கு உரியது. இதிலிருந்து தோன்றிய 'அலியேனாட்டியோ' என்னும் பெயர்ச்சொல் இலத்தீனிலேயே மூன்று பொருள்களில் வழங்கிற்று. சொத்தின் உரிமையைப் பிறருக்கு மாற்றுதல் ஒன்று. மனிதர்க்கிடையே உறவு முறிந்து விலகுதல் மற்றொன்று. அறிவு பிறழ்தல் மூன்றாவது. நம் 'அந்நியம்' வடமொழியின் 'அன்ய' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் 'மற்று' என்பதே பொருள். பண்டைத் தமிழில் 'ஏதிலார்', 'ஏதின்மை' என்னும் சொற்கள் இருந்தும், கலைச்சொல் ஆக்கியவர்கள் அவற்றை நாடவில்லை. ஏதின்மை என்பது பெரிதும் நிலையைக் குறிக்கும் சொல். உரியது பிறர்வசமாகும் செயலை அது உணர்த்தாது என்று கருதினார்கள் போலும்.

மூன்று பொருள்களுள் சட்டப் பொருளையே நாம் முற்றிலும் மறந்துவிட்டோம். ஆனால் அதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. நம் முன்னோர் எழுதிய கிரயப் பத்திரங்களையும் உயில்களையும் புரட்டியவர்கள் 'பராதீனம்' என்னும் சொல்லைக் கண்டிருப்பார்கள். பர, அதீனம்: பிறர்வசம். விற்றல், ஈடு வைத்தல், தானம் கொடுத்தல் ஆகிய எல்லா வகை உரிமை மாற்றத்தையும் இவ்வொரு சொல்லில் அடக்கினர் பத்திர எழுத்தர்கள். நான் இச்சொல்லை முதன்முதலில் கண்டது என் தாய்வழிப் பாட்டியார் பெயரில் இருந்த ஒரு செட்டில்மெண்டுப் பத்திரத்தில். வீட்டையும் கிணற்றையும் அவர் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ளலாம். ஆனால் யாதொரு பராதீனமும் செய்ய அவருக்கு உரிமை இல்லை என்பது அதன் வாசகம். அவருக்குப் பின் சொத்து ஆண் வாரிசுகளுக்கு.

இது என் குடும்பத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய இந்துச் சட்டத்தில் கைம்பெண் கணவனிடமிருந்து பெற்ற சொத்து 'வரையறுக்கப்பட்ட உரிமை' உடையதாகவே இருந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குப் பங்கு தந்தபோதும் அவ்வரையறையை நீக்கவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே அதனை முழு உரிமையாக்கியது. பத்திரத்திலேயே நிபந்தனை எழுதப்பட்ட சொத்துகளுக்கு அப்பிரிவு விதிவிலக்கும் வைத்தது. அதன் பொருள் குறித்து நீதிமன்றங்களில் பின்னும் பல வழக்குகள் நடந்தன. ஈண்டு கருதத்தக்கது ஒன்றுண்டு. சட்டத்தின் நோக்கில், ஒன்றைப் பிறருக்கு ஆக்கும் உரிமை உடையவரே அதன் உண்மையான உடைமையாளர். பராதீனம் செய்ய இயலாதவர் தம் வீட்டிலேயே அந்நியராய் இருந்தார். என் பாட்டியார் அவ்வீட்டில் நாற்பதாண்டுகளுக்கு மேல் விளக்கேற்றியவர்.

அரசியல் சிந்தனையும் இச்சொல்லைச் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. டச்சு அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் 1625இல் வெளிவந்த தம் நூலில், தனிமனிதன் தன்னையே ஒருவனுக்கு அடிமையாக எழுதிக் கொடுக்கலாம் என்றால் ஒரு மக்கள் கூட்டம் தன்னை அரசனுக்கு எழுதிக் கொடுப்பதும் இயலும் என்று வாதிட்டார். 1762இல் ரூசோ 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் நூலில் இவ்வாதத்தை மறுத்தார். தன்னைத்தான் விலையின்றிக் கொடுப்பவன் நல்லறிவு உடையவனாக இருக்க முடியாது என்பது அவர் மறுப்பின் சாரம். ஆனால் அதே நூலில், ஒவ்வொருவரும் தம் உரிமைகள் அனைத்தையும் முழுமையாகச் சமுதாயம் முழுமைக்கும் ஒப்படைப்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று கூறும்போது, அதற்கும் அதே சொல்லையே ஆளுகிறார். அரசனுக்குக் கொடுத்தால் அடிமைத்தனம், எல்லாருக்கும் கொடுத்தால் விடுதலை என்னும் இக்கணக்கு இன்றளவும் விவாதத்துக்குரியது. 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனம் கூறும் உரிமைகளை நாம் 'பறிக்க முடியாத உரிமைகள்' என்று மொழிபெயர்த்து வருகிறோம். மூலத்தின் சொல் அதனினும் நுட்பமானது. பிறர் பறிக்க இயலாமை மட்டுமன்று. உரியவரே விரும்பினாலும் பிறருக்கு எழுதிக் கொடுக்க இயலாமை. மொழிபெயர்ப்பில் பறிப்பவன் மட்டும் எஞ்சி, எழுதிக் கொடுப்பவன் மறைந்துவிட்டான்.

மருத்துவமனையிலும் திருச்சபையிலும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் 1793இல் பாரிஸின் பிசேத்ர் விடுதியின் மருத்துவராக ஃபிலிப் பினெல் பொறுப்பேற்றார். 1795இல் சால்பெத்ரியேர் விடுதிக்குச் சென்றார். பித்தரின் சங்கிலிகளை அவர் அறுத்தெறிந்ததாக ஓவியங்கள் உண்டு. பிசேத்ரில் அதனை 1797இல் செய்தவர் ழான் பத்தீஸ்த் புஸ்ஸென் என்னும் கண்காணிப்பாளர் என்பதே வரலாறு. படித்த மருத்துவரின் பெயர் நிலைக்க, நோயாளிகளோடு இரவும் பகலும் வாழ்ந்தவரின் பெயர் பின்தள்ளப்பட்டது. இதுவும் நாம் பலமுறை கண்ட காட்சிதான். 1801இல் பினெல் வெளியிட்ட நூல் பித்தத்தை 'மன அந்நியமாதல்' என்று பெயரிட்டு அழைத்தது. பித்தர் அறிவை முழுதும் இழந்தவர் அல்லர். அறிவினின்று விலகிச் சென்றவர். எஞ்சியிருக்கும் அறிவோடு மருத்துவர் உரையாட இயலும் என்னும் நம்பிக்கை அவருடையது. 1838ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் இவ்வகை நோயாளிகளைக் காக்க மாவட்டந்தோறும் ஏற்பாடு வேண்டும் என்றபோது அவர்களை 'அந்நியமானோர்' என்னும் பொருள்தரும் சொல்லாலேயே குறித்தது. மனநோய் மருத்துவருக்கு ஆங்கிலத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வேரிலிருந்தே பெயர் வழங்கிற்று. ஆக, என் மாணவியின் வினா அவள் அறியாமலே இருநூறாண்டு வரலாறு உடையது.

ஜெர்மன் மெய்யியல் வேறொரு வழியாக இச்சொல்லுக்கு வந்தது. மார்ட்டின் லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பில் இரு சொற்கள் உள்ளன. இறைவாழ்வினின்று விலகிப்போன மக்களைக் குறிக்க ஒன்று. இறைமகன் தம் இறைமையைக் களைந்து அடிமை வடிவம் கொண்டதைக் குறிக்க மற்றொன்று. முன்னது 'எண்ட்ஃப்ரெம்டுங்' என்னும் சொல்லின் வினை. பின்னது 'எண்ட்டாய்ஸருங்' என்பதன் வினை. முன்னதை விலகிப்போதல் என்றும் பின்னதைத் தன்னைப் புறத்தே ஆக்குதல் என்றும் கொள்ளலாம். 1807இல் வெளிவந்த 'ஆன்மாவின் தோற்றவியல்' நூலில் ஹெகல் இவ்விரண்டையும் மெய்யியற் சொற்களாக்கினார். தன்னைப் புறத்தே ஆக்கினாலன்றி ஆன்மா தன்னை அறியாது. புறத்தே ஆக்கியது எதிரே வந்து அயலாக நிற்கும். அவ்வயன்மையைக் கடந்தே தன்னை மீளப் பெறும். ஹெகலுக்கு அந்நியமாதல் துன்பம்தான். ஆனால் தவிர்க்க இயலாத கல்வி. பித்தம் பற்றி எழுதும் இடத்தில் அவர் பினெலைப் பெரிதும் பாராட்டியுள்ளார் என்பதும் குறிப்பிடத்தக்கது. இருவரும் எஞ்சிய அறிவில் நம்பிக்கை வைத்தவர்கள்.

1841இல் ஃபாயர்பாக் 'கிறித்தவத்தின் சாரம்' என்னும் நூலில் இதனைத் திருப்பிப் போட்டார். மனிதன் தன் அன்பையும் அறிவையும் ஆற்றலையும் தன்னிடமிருந்து பிரித்துக் கடவுள் என்று பெயரிட்டு, பின் அதன் முன் வறியனாய் நிற்கிறான் என்றார். கடவுளை நிறைக்க மனிதன் தன்னைக் குறைத்துக்கொண்டான் என்பதே அவர் கருத்து.

1844

அவ்வாண்டு பாரிஸில் வாழ்ந்த கார்ல் மார்க்சுக்கு வயது இருபத்தாறு. ஆதம் ஸ்மித், ரிக்கார்டோ முதலியோரின் பொருளியலைக் குறிப்பெடுத்துக்கொண்டே எழுதிய கைப்படிகளில், ஃபாயர்பாக் சமயத்தில் கண்டதை அவர் தொழிற்கூடத்தில் கண்டார். தொழிலாளி தன் உயிரைப் பொருளில் இடுகிறான். ஆக்கிய பொருள் அவனுக்கு உரியதாக இல்லாமல் அவனுக்கு எதிரான ஆற்றலாக நிற்கிறது. உழைக்கும் செயலும் அவனுடையதன்று. வேலை நேரத்தில் அவன் தன்னை இழக்கிறான். வேலை முடிந்த பிறகே தன்னிடம் திரும்புகிறான். படைத்தல் என்னும் மனித இயல்பு வயிற்றுப் பாட்டுக்கு வழியாகச் சுருங்குகிறது. இறுதியாக மனிதன் மனிதனுக்கு அந்நியனாகிறான். இந்நான்கனுள் முதலாவதே மற்ற மூன்றன் வேர் என்று மேலோட்டமாகப் படிப்போர் கொள்வர். மார்க்ஸ் செயலிலிருந்தே பொருளுக்குச் செல்கிறார். உழைக்கும் செயல் அந்நியமாகாதிருந்தால் பொருள் எவ்வாறு அந்நியமாகும் என்பதே அவர் கேள்வி.

அதே ஆண்டு சூன் திங்களில் சைலீசியாவில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து படையினரால் ஒடுக்கப்பட்டனர். மார்க்ஸ் பாரிஸில் வெளிவந்த 'ஃபோர்வேர்ட்ஸ்' இதழில் அவர்களைப் போற்றி எழுதினார். தறியில் அமர்ந்தோர் தாம் நெய்த துணியை உடுத்த இயலாத நிலை நமக்கும் புதிதன்று. கூலிக்குப் பட்டு நெய்யும் வீடுகளில் அப்பட்டு எவர் உடலையும் அலங்கரித்ததில்லை என்பதைக் காஞ்சிபுரத்தில் சில நாள் தங்கியவர்களும் அறிவார்கள்.

சட்டப் பொருளை நாம் மறந்துவிட்டோம் என்று முன்னர்க் கூறினேன். மார்க்ஸ் சட்டம் பயின்றவர்; அவர் மறக்கவில்லை. அவர் கையாளும் 'எண்ட்டாய்ஸருங்' பொருளியலில் விற்று உரிமை மாற்றுதலையும் குறிக்கும் சொல். தொழிலாளியிடம் பராதீனம் செய்வதற்கு நிலம் இல்லை, வீடு இல்லை. தன் உழைப்பு மட்டுமே உண்டு. அதனை விற்கும் உரிமை அவனுக்குச் சட்டப்படி முழுமையாக உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துந்தோறும் அவன் தன்னை இழக்கிறான். என் பாட்டியாருக்கு விற்கும் உரிமை இல்லாமையால் நேர்ந்தது, தொழிலாளிக்கு விற்கும் உரிமையாலேயே நேர்கிறது. இக்கூர்மையை அந்நியமாதலை மனநிலையாகக் காண்போர் தவறவிடுகின்றனர்.

இக்கைப்படிகளின் வாழ்வு விந்தையானது. மார்க்ஸ் அவற்றை அச்சிடவில்லை. மாஸ்கோவின் மார்க்ஸ்-எங்கெல்ஸ் ஆய்வகத்தை அமைத்த ரியாசனோவ் அவற்றைப் பதிப்பிக்கும் பணியைத் தொடங்கினார். 1931இல் அவர் கைதானார். 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். முழுமையான பதிப்பு 1932இல் வெளிவந்தபோது பதிப்பாசிரியர் வேறொருவர். எழுதப்பட்டு எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் உலகம் அவற்றைப் படித்தது. லூகாச் 1923இலேயே 'வரலாறும் வர்க்க உணர்வும்' நூலில் 'மூலதனம்' ஒன்றையே துணையாகக் கொண்டு ஏறத்தாழ இக்கருத்துகளை ஊகித்திருந்தார். 1930இல் மாஸ்கோவில் கைப்படிகளையே படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1959இல் மாஸ்கோ வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விரு ஜெர்மன் சொற்களையும் வேறுபடுத்த முயன்றது; படித்தவர்கள் பெரும்பாலும் வேறுபடுத்தவில்லை. பின் வந்த விவாதங்கள் பல. இளம் மார்க்ஸ், முதிர்ந்த மார்க்ஸ் என்று இருவர் உண்டா, 1845இல் ஓர் அறிவுமுறிவு நிகழ்ந்ததா என்று அல்தூஸர் 1965இல் எழுப்பிய சிக்கல் நம் சிற்றிதழ்களின் பக்கங்களையும் நிறைத்தது. இங்கு அதனை விரிக்கவில்லை. 'மூலதனம்' நூலின் பண்ட மாயை பற்றிய பகுதியைப் படிப்பவர்க்கு இருவரும் ஒருவரே என்று தோன்றும் என்பது என் கருத்து.

பொதுவுடைமை நாடுகளில்

விவாதத்தினும் முதன்மையானது இச்சொல்லால் சிலருக்கு நேர்ந்த இழப்பு. தனியுடைமை ஒழிந்தால் அந்நியமாதலும் ஒழியும் என்பது கொள்கை. எனவே பொதுவுடைமை நாட்டில் அந்நியமாதல் உண்டு என்று கூறுவதே குற்றமாயிற்று. 1963 மே மாதத்தில் பிராக் நகருக்கு அருகே லிபுலிட்சே மாளிகையில் காஃப்காவின் எண்பதாம் பிறந்த ஆண்டை ஒட்டி ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. எதுவார்த் கோல்ட்ஷ்டுக்கர் அதனை முன்னின்று நடத்தினார். காஃப்கா காட்டும் முகமற்ற அலுவலகமும் காரணம் அறியாத குற்றச்சாட்டும் முதலாளிய உலகத்துக்கே உரியவை என்றனர் கிழக்கு ஜெர்மனியர். நம் நாடுகளிலும் அவை உள என்றனர் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் ஃபிஷரும் பிரான்சின் ரொஜே கரோதியும். இலக்கியக் கருத்தரங்கு ஒன்று இத்தனை அச்சத்தை விளைவித்தது அரிது. 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படைகள் நுழைந்த பின், கேட்டின் தொடக்கம் அக்கருத்தரங்கே என்று கிழக்கு ஜெர்மனியில் பழி சுமத்தினர்.

சீனத்தில் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1983 மார்ச்சில் மார்க்சின் நூறாவது நினைவு ஆண்டு விழாவில் சோ யாங் ஆற்றிய உரை, பொதுவுடைமைச் சமுதாயத்திலும் அந்நியமாதல் உண்டு என்று கூறிற்று. மக்களின் பணியாளர்களாக இருக்க வேண்டியவர்கள் அவ்வதிகாரத்தாலேயே மக்களின் எசமானர்களாகலாம்; தலைவர் ஒருவரின் வழிபாடு மக்கள் படைத்த ஒன்று மக்களையே ஆள்வது; அறியாமையால் செய்த பொருளியற் பிழைகளின் பயனை மக்களே சுமக்கின்றனர் என்பன அதன் கருத்துகள். இச்சோ யாங், 1950களில் எழுத்தாளர்கள் பலரைக் கட்சியின் பெயரால் தண்டித்தவர். பின் பண்பாட்டுப் புரட்சியில் தாமே சிறைப்பட்டவர். பிறரை விலக்கி வைத்தவர் தாம் விலக்கப்பட்ட பிறகே இச்சொல்லின் பொருளை அறிந்தார் என்பதை ஏளனமாகக் கூறவில்லை. அறிந்ததை வெளிப்படக் கூறும் துணிவு அந்த முதுமையில் அவருக்கு இருந்தது. உரையை எழுத உதவியவருள் ஒருவர் 'மக்கள் நாளேட்டின்' துணையாசிரியர் வாங் ரோஷுயி. அவ்வுரை அந்நாளேட்டில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'ஆன்மிக மாசு' ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. வாங் பதவி இழந்தார். சோ யாங் தம் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. வாங் 1987இல் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார்; 2002இல் அமெரிக்காவில் காலமானார். ஒரு சொல்லைத் தடை செய்தவர்கள் அச்சொல்லின் பொருளைத் தம் செயலாலேயே மெய்ப்பித்தனர்.

மேற்கில் இச்சொல்லுக்குத் தடை இல்லை. அதனை அளக்கத் தொடங்கினர். 1959இல் அமெரிக்கச் சமூகவியலார் மெல்வின் சீமன், ஆற்றலின்மை, பொருளின்மை, நெறியின்மை, தனிமை, தன்னினின்று விலகல் என ஐந்தாக வகுத்தார். வினாநிரல்கள் பெருகின. தொழிற்கூடம் அப்படியே இருக்க, தொழிலாளியின் மனத்துக்கு மதிப்பெண் இடும் இப்பணியில் எனக்கு ஈடுபாடு இல்லை. அதனினும், ஸ்காட்லாந்தின் கிளைடு கப்பல் கட்டுந்தளத் தொழிலாளர் தலைவர் ஜிம்மி ரீட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரெக்டராக மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு 1972 ஏப்ரலில் ஆற்றிய உரை இப்பொருளை நன்கு விளக்குகிறது எனலாம். மூடப்படவிருந்த தளத்தை வேலைநிறுத்தம் செய்யாமல், வேலை செய்தே காத்த போராட்டத்தின் தலைவர் அவர். தம் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிவுகளில் தமக்குப் பங்கில்லை என்னும் எளிய மக்களின் உணர்வே அந்நியமாதல் என்று அவர் விளக்கினார்.

மேடை

நாடகத் துறையில் நேர்ந்தது ஒரு மொழிபெயர்ப்பு விபத்து. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மேய் லான்ஃபாங் ஒப்பனையின்றி நடித்துக் காட்டியதைக் கண்ட பெர்டோல்ட் பிரெக்ட், 'ஃபெர்ஃப்ரெம்டுங்' என்னும் சொல்லைத் தம் நாடகக் கொள்கைக்கு ஆக்கிக்கொண்டார். பழகிப்போனதைப் புதியதாகக் காணச் செய்தல் என்பது அதன் பொருள். 1917இல் உருசியத் திறனாய்வாளர் ஷ்க்லோவ்ஸ்கி கூறிய 'புதுமையாக்கல்' இதற்கு அண்மையது. ஆங்கிலத்தில் இதற்கும் மார்க்சின் சொல்லுக்கும் ஒரே பெயர் இடப்பட்டது; ஆங்கிலத்தின் வழி வந்த நாமும் 'அந்நியப்படுத்தல்' என்றோம். மார்க்ஸ் கூறுவது நோய். பிரெக்ட் கூறுவது மருந்து. உலகம் இப்படித்தான் இருக்கும் என்னும் பழக்கத்திலிருந்து பார்வையாளரை விடுவிப்பதே பிரெக்டின் நோக்கம். ஆயினும் நாடகக் கட்டுரைகளில் இரண்டும் ஒன்றெனவே குழப்பப்படுகின்றன.

சட்டம், மருத்துவம், அரசியல் என்னும் மூன்றும் ஒருவர் வாழ்வில் ஒன்றுகூடியதைக் காண வேண்டின் ஃபிரான்ஸ் ஃபானனிடம் செல்ல வேண்டும். மார்ட்டினிக் தீவில் 1925இல் பிறந்த அவர், 1952இல் வெளியிட்ட 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலைத் தொடக்கத்தில் கறுப்பரின் அந்நியமாதலை நீக்குவது பற்றிய கட்டுரையாகவே எழுதினார். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநோய் மருத்துவரானார். ஐரோப்பியப் பெண்கள் பகுதியில் இசை, திரைப்படம், சிறு செய்தித்தாள் ஆகியவற்றால் நோயாளிகள் தெளிவுற்றனர். அல்ஜீரிய முஸ்லிம் ஆண்கள் பகுதியில் அதே முறை பயனளிக்கவில்லை. அவர்களுக்குத் தம் ஊர்க் காப்பிக் கடையும் பண்டிகையும் கதைசொல்லியும் வந்தபோதே முகங்கள் மலர்ந்தன. நோயாளியைத் தன்னறிவுக்கு மீட்க முயலும் மருத்துவம், அவனைத் தன் நாட்டிலேயே அயலானாக்கிய ஆட்சியின் கீழ் எவ்வாறு பயன்படும் என்று வினவி 1956இல் பதவி விலகினார். பினெல் நோயாளியிடம் மட்டும் கண்ட பிளவை ஃபானன் நாட்டிடம் கண்டார். 1961இல், முப்பத்தாறு வயதில், அவர் மறைந்தார்.

தமிழில்

தமிழ்த் திறனாய்வில் இச்சொல்லை நிலைநிறுத்தியவர்களுள் எஸ்.வி. ராஜதுரை முதன்மையானவர், 'அந்நியமாதல்' என்னும் பெயரிலேயே நூல் எழுதியவர். கோவை ஞானி தம் கட்டுரைகள் பலவற்றில் இதனை மார்க்சிய அறவியலின் மையமாகக் கொண்டார். இவர்கள் இச்சொல்லை ஆழமாகவே ஆண்டனர். பின்வந்த நம்மனோர்தாம் காம்யுவின் 'அந்நியன்' நாவலையும் மார்க்சின் கைப்படிகளையும் நகரத்து வாடகை அறையின் தனிமையையும் ஒரே கூடையில் போட்டோம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நானும் அவ்வாறே செய்துள்ளேன். இன்று அவ்வியலைப் படிக்க நேர்ந்தால் நாணம் உண்டாகிறது.

பாரிஸிலிருந்து சொல்லைக் கொணர்ந்த நாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் அது முன்பே இருந்ததைக் காணவில்லை. ஆங்கில ஆட்சி வருவாய்த் துறையின் நிலமாற்றத்துக்கு இச்சொல்லையே ஆண்டது. கடன் கொடுத்தோரிடம் உழவர் நிலம் போவதைத் தடுக்க 1900இல் பஞ்சாபில் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் உள்ளது. உழவர் குடிகள் என்று அச்சட்டம் பட்டியலிட்டோருள் தலித் மக்கள் இல்லை. எனவே காலமெல்லாம் வயலில் உழைத்தவர்கள் நிலம் வாங்கவே இயலாதோர் ஆயினர். இலங்கையில் 'காணி பராதீனப்படுத்தல்' என்பது இன்றும் அரசாங்கத் தமிழ். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் முதல் 1957ஆம் ஆண்டு பண்டாரநாயக்க-செல்வநாயகம் ஒப்பந்தம், 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் வரை, அரச காணி யாருக்குக் கொடுக்கப்படும், யார் கொடுப்பர் என்பது அந்நாட்டுத் தமிழர் சிக்கலின் நடுவே நிற்கிறது. அங்கிருந்து பெயர்ந்தோரை 'ஏதிலி' என்கிறோம். நாம் கைவிட்ட பழஞ்சொல் அவ்வழியே மீண்டது.

நம் மாநிலத்தில் பஞ்சமி நிலம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் வாழ்நிலை குறித்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் தமக்கு உரியதல்லாமையால் அவர்கள் பண்ணையாளர்க்குக் கட்டுண்டு கிடப்பதை அவ்வறிக்கை விளக்கிற்று. அதனையொட்டி 1892இல் பிறந்த அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலம் வழங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு எவருக்கும் பராதீனம் செய்தல் கூடாது, அதன் பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குச் செய்தல் கூடாது, செய்தால் செல்லாது. என் பாட்டியாரின் பத்திரத்தில் அவரைக் குறைத்த அதே நிபந்தனை இங்குக் காப்பாக எழுதப்பட்டது. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. கடனுக்கும் அச்சத்துக்கும் கைரேகை வாங்கப்பட்டது. பதிவேடுகளில் பெயர்கள் மாறின. செங்கற்பட்டு மாவட்டம் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நிகழ்த்தியது, இருவர் உயிரிழந்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பின் வந்த நம் இலக்கியக் கூட்டங்களிலும் அந்நியமாதல் பற்றி நாம் பேசினோம். காரணையைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

பாட்டியார் பத்திரத்தின் படியை அடுத்த வகுப்புக்கு எடுத்துச் சென்று, வினா எழுப்பிய மாணவியிடமே கொடுத்தேன். பழைய கையெழுத்தைத் தடவித் தடவிப் படித்தவள், 'பராதீனம்' என்னும் இடத்தில் நின்று பொருள் கேட்டாள். சொன்னேன். தன் தாத்தா பெயரிலும் இப்படி ஒரு தாள் வீட்டுப் பெட்டியில் உண்டு என்றாள். நிலம் எங்கே என்று கேட்டேன். அது இப்போது வேறொருவருடையது என்றும், அதில்தான் தன் அம்மா நடவுக்குப் போகிறார் என்றும் கூறினாள்.